பெட்டிகளுக்கு நடுவே ஒரு பாய்

முதுகு பிடித்துக்கொண்ட அன்று நான் தூக்கியது பெரிய மூட்டை ஒன்றும் இல்லை. இருபது பவுண்டு அரிசிப் பை. டெக்சாஸில் ஆலன் என்ற ஊரில் ஓர் இந்திய மளிகைக் கடையில் வேலை பார்க்கிறேன். அதுபோன்ற பைகளை லாரியிலிருந்து இறக்கி அடுக்குவதுதான் பதினோரு வருடமாக என் வேலை. அன்று குனிந்தேன், நிமிர முடியவில்லை.

கடை முதலாளி நல்ல மனிதர். "அண்ணே, சரியாகி வாங்க. உங்க எடத்துல யாரையும் போட மாட்டேன்" என்றார். ஆனாலும் பை தூக்க முடிந்தால்தான் அங்கே எனக்கு இடம். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் வேறு எந்த நாற்காலியில் போய் உட்கார முடியும்?

என் மனைவி நர்ஸ். ஊர் ஊராகப் போய் வேலை பார்க்கும் நர்ஸ். பதின்மூன்று வாரம் ஒரு மருத்துவமனை, பிறகு பத்து நாள் வீடு, பிறகு வேறு மாநிலத்தில் வேறு மருத்துவமனை. அந்தச் சமயம் நியூ மெக்சிகோவில் இருந்தாள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. கடையில் நின்றால் ஒரு நாளைக்கு நாற்பது பேராவது "அண்ணா, முருங்கைக்காய் வந்துச்சா?" என்று கேட்பார்கள். அதற்கு மேல் பேச எனக்கும் வராது, கூச்சம். ஆனால் அந்த ஒரு கேள்வி போதுமானதாக இருந்தது என்பது வீட்டில் படுத்த பிறகுதான் தெரிந்தது. ஃப்ரிட்ஜ் ஓடும் சத்தமும் அது நிற்கும் சத்தமும் எனக்குத் தனித்தனியாகக் கேட்க ஆரம்பித்தன.

பிசியோதெரபி முடிந்ததும் மனைவி போனில் சொன்னாள். "என்னங்க, ஒரு ஆன்லைன் கிளாஸ் புடிச்சிருக்கேன். பிலாட்டீஸ்னு ஒரு எக்சர்சைஸ். முதுகுக்கு நல்லது. தமிழ்லயே சொல்லிக் குடுக்கிறாங்களாம்."

"அது பொம்பளைங்க பண்றது இல்லையா?"

"முதுகு எல்லாருக்கும் ஒண்ணுதான். எலும்பைப் பத்தி எனக்குத் தெரியாதது என்ன உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு?"

சொல்லித் தரும் பெண் நியூ ஜெர்சியில், பிரிட்ஜ்வாட்டரில் இருந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கலாம். சேருவதற்கு முன் ஒரு முறை போனில் பேசினாள். "அங்கிள், ஒரே ஒரு ரூல்தான். கேமரா ஆன்ல இருக்கணும். தலைலேர்ந்து கால் வரைக்கும் சைடுல தெரியணும். இல்லன்னா நீங்க முதுகை வளைக்கிறீங்களா ஒடிக்கிறீங்களான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

கடையில் ஆட்கள் அதிகமாக இருந்தால் பின்பக்க ஸ்டோர் ரூமுக்குள் போய்விடுகிறவன் நான். முன்பின் தெரியாத பெண்கள் பதினோரு பேர் பார்க்கப் படுத்துக் காலைத் தூக்க வேண்டும் என்றதும் இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மூன்றாம் நாள், வருவது வரட்டும் என்று இடத்தைத் தயார் செய்ய ஆரம்பித்தேன்.

எங்கள் படுக்கையறையில் கார்ப்பெட். படுத்தால் முதுகு உள்ளே இறங்கிவிடும். ஹாலில் தெருவைப் பார்த்த பெரிய ஜன்னல். நாயோடு நடக்கப் போகிறவர்கள் கை காட்டிவிட்டுப் போவார்கள். மிச்சம் இருந்தது விருந்தினர் அறை. மரத்தரை. இந்த வீட்டுக்கு வந்த எட்டு வருடத்தில் விருந்தினர் என்று அங்கே தங்கியவர் இரண்டு பேர். மற்றபடி அது பெட்டிகளின் அறை.

இங்கே இருக்கும் நம் ஆட்களுக்கு இது தெரியும். ஊருக்குப் போக ஆறு மாதம் இருக்கும்போதே ஒரு பெட்டியைத் தரையில் திறந்து போட்டுவிடுவோம். தள்ளுபடியில் கண்ணில் பட்டதெல்லாம் அதில் போய் விழும். சோப்பு, வைட்டமின் மாத்திரை, சாக்லேட், துண்டு, யாரோ குழந்தைக்கு ஒரு கவுன். பெட்டி நிறைந்தால் பக்கத்தில் இன்னொன்று. எங்கள் அறையில் நான்கு பெட்டிகள் வாயைத் திறந்துகொண்டு கிடந்தன. ஆறு மாதத்துக்காகத் திறந்தவை. ஆறு வருடம் ஆகிவிட்டது.

அவை என் அக்கா வீட்டுக்கு. தூத்துக்குடியில் இருந்தாள். ஊரில் எனக்கு இருந்த ஒரே உறவு. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூப்பிடுவாள். எடுத்ததும் நலம் விசாரிக்க மாட்டாள், "எப்ப வாரே?" என்பதுதான் முதல் பேச்சு. கொரோனாவில் விமானம் எல்லாம் நின்றிருந்த மாதங்களில் அவள் போய்விட்டாள். கடைசியாக முகம் பார்த்தது போனில். அதற்குப் பிறகு ஊருக்குப் போகக் கூடாது என்று நாங்கள் முடிவு எடுக்கவில்லை. போகலாம், அடுத்த விடுமுறைக்குப் போகலாம் என்று மனைவி சொல்வாள். "யார் வீட்டுக்கு?" என்று நான் கேட்பேன். பேச்சு அதோடு நிற்கும். பெட்டிகளை யாரும் மூடவில்லை.

அன்று அந்த அறையின் நடுவில் படுத்துக் கையை இருபுறமும் விரித்துப் பார்த்தேன். இடது கை ஒரு பெட்டியின் ஜிப்பில் இடித்தது. கட்டிலைச் சுவரோடு ஒட்டித் தள்ளினேன். முதுகு வலியால், தள்ளுவதும் உட்காருவதுமாக அதற்கே அரைநாள் ஆனது. நான்கு பெட்டிகளையும் மேற்குச் சுவரோரம் காலால் நகர்த்தினேன். பாய் போட வேண்டிய இடத்தின் நான்கு மூலைக்கும் நீல டேப் ஒட்டினேன். வடக்கே தலை வைக்க மனம் ஒப்பவில்லை. உடற்பயிற்சிதான் என்றாலும் படுப்பது படுப்பதுதானே? ஆகவே தெற்கே தலை, வடக்கே கால். ஜன்னல் கிழக்கே. போனை மேற்கில் வைத்தால் வெளிச்சம் பின்னால் விழுந்து ஆள் கரிக்கட்டை போலத் தெரிந்தது. கிழக்கில், ஜன்னலடியில் வைத்ததும் சரியாக இருந்தது. ஒரு ஸ்டூலின் மேல் பருப்பு டப்பா. அதில் போனைச் சாய்த்தேன்.

பிறகு போனைச் சுற்றியிருந்த இடத்தைப் பளிச்சென்று துடைத்தேன். ஜன்னல் திரையைத் துவைத்துப் போட்டேன். பழைய காலண்டரை எடுத்தேன். நான் படுத்துக்கொண்டு பார்க்கும் பக்கம் முழுவதும் சுத்தம். போன் பார்க்கப் போவது என் முன்னால் இருப்பதை அல்ல, எனக்குப் பின்னால் இருப்பதை என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

தலைக்கு அடியில் வைக்க மடித்த துண்டு ஒன்று வேண்டும் என்று சொல்லித் தரும் பெண் சொல்லியிருந்தாள். பெட்டியிலிருந்து ஒரு புதுத் துண்டை எடுத்தேன். மஞ்சள் நிறம், அக்காவுக்குப் பிடிக்கும் என்று வாங்கியது. வருடக்கணக்கில் சோப்போடும் சாக்லேட்டோடும் கிடந்ததால், ஊரில் பெட்டியைத் திறந்ததும் எல்லாரும் மூக்கை நீட்டுவார்களே, அந்த வாசனை அதில் ஏறியிருந்தது.

அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி. புது டிராக் பேண்டும் முழுக்கைச் சட்டையும் போட்டுக்கொண்டு பாயில் உட்கார்ந்தேன். திரையில் சின்னச் சின்னக் கட்டங்களில் பெண்கள். எல்லாருக்கும் ஒரு வணக்கம் வைத்தேன். சொல்லித் தருகிறவள் என் கட்டத்தைப் பெரிதாக்கிப் பார்த்திருக்க வேண்டும்.

"அங்கிள், ஆங்கிள் சூப்பர். எல்லாரும் அங்கிளைப் பாருங்க, இப்படித்தான் கேமரா வைக்கணும்." பிறகு திரைக்குப் பக்கத்தில் வந்தாள். "அய்யோ, பின்னாடி இத்தனை பெட்டி! ஊருக்குக் கிளம்புறீங்களா?"

என் தலை தானாகத் திரும்பியது. நான்கு பெட்டிகளும் வரிசையாக, வாய் திறந்தபடி. ஆறு வருடமாகக் கிடக்கிறது என்று எப்படிச் சொல்வது?

"ஆமா" என்றேன்.

"எப்போ?"

"பொங்கலுக்கு."

"வாவ்! நாலு பெட்டியா? கொடுத்து வெச்ச சொந்தக்காரங்க" என்றார் ஓர் அம்மா. "அங்கிள், இப்பவே சாக்லேட் வைக்காதீங்க, ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும்" என்றார் இன்னொருவர். "எந்த ஊர்?" என்று ஒரு குரல். தூத்துக்குடி என்றேன். "அப்போ மக்ரூன் வாங்கிட்டு வாங்க, எங்களுக்குக் கேமராவுல காட்டுங்க" என்று சிரித்தார்கள். பிறகு படுக்கச் சொன்னாள். முழங்காலை மடித்து, இடுப்பை மெல்ல மேலே தூக்கி, முதுகெலும்பை ஒவ்வொரு மணியாகக் கீழே இறக்க வேண்டும். மேலே பார்த்துக்கொண்டு இறங்கும்போது எனக்கு ஒன்று புரிந்தது. ஊருக்கு எப்போது என்று ஒருவர் என்னைக் கேட்டு ஆறு வருடம் ஆகியிருந்தது.

சின்னப் பொய். வகுப்பு முடிந்ததும் மறந்துவிடுவார்கள் என்று நினைத்தேன். மறக்கவில்லை. செவ்வாயும் வெள்ளியும் வகுப்பு ஆரம்பிக்கும் முன் யாராவது ஒருவர், "அங்கிள், பேக்கிங் எந்த அளவுல இருக்கு?" என்பார்கள். அதற்கு ஒரு பதில் வேண்டுமே. முந்தின மாலை அந்த அறைக்குப் போய் ஒரு பெட்டியில் இருந்ததை இன்னொன்றில் மாற்றி வைப்பேன். ஒரு வாரம் ஒரு பெட்டியை மூடி நிமிர்த்தி நிறுத்தினேன். "பாருங்க, ஒண்ணு ரெடி!" என்று கை தட்டினார்கள். இன்னொரு வாரம் குளியலறைத் தராசை எடுத்து வந்து, அது கேமராவில் தெரியும்படி வைத்தேன். இதை எழுதும்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது. முதுகுக்காகத் தயார் செய்த இடத்தை நான் வேறொன்றுக்காகத் தயார் செய்துகொண்டிருந்தேன். அந்த இரண்டு நாட்களும் சவரம் செய்துகொண்டு காத்திருந்தேன்.

முதுகு உண்மையாகவே தேறிவந்தது. மூன்றாவது வாரம் செருப்பைக் குனிந்து மாட்டினேன். ஐந்தாவது வாரம் சமையலறையில் இருந்த ஒரு அரிசிப் பையை இடுப்பளவு தூக்கி வைத்தேன்.

நவம்பரில் ஒரு நாள் வகுப்பு முடிந்து எல்லாரும் போனார்கள். ஒரே ஒரு கட்டம் மட்டும் போகவில்லை. ஆர்லிங்டனில் இருக்கும் பெண். நாற்பது வயது இருக்கும். வகுப்பில் அதிகம் பேச மாட்டாள்.

"அண்ணா, ஒரு நிமிஷம். உங்ககிட்ட ஒரு சின்ன ஹெல்ப். நீங்க சென்னையிலதான இறங்குவீங்க?"

"ஆமா" என்றேன். வேறு என்ன சொல்ல?

"எங்க அம்மா பெரம்பூர்ல இருக்காங்க. கால் வீங்கிப் போயிருக்கு, எந்தச் செருப்பும் நுழைய மாட்டேங்குது. இங்க அகலமா, மெத்துனு ஒண்ணு கிடைச்சுது. அரை கிலோகூட வராது. ஏர்போர்ட்லேயே எங்க கசின் வந்து வாங்கிப்பான். உங்களுக்குக் கஷ்டம்னா வேணாம் அண்ணா."

ஊருக்குப் போகிறவனிடம் இதைக் கேட்காதவர் இல்லை. கேட்டால் இல்லை என்று சொல்கிறவரும் இல்லை. நான் ஊருக்குப் போகிறவன். "அனுப்புங்கம்மா" என்றேன்.

நான்கு நாளில் பார்சல் வந்தது. கரும்பழுப்பு நிறச் செருப்பு, மேலே ஒட்டிப் பிரிக்கும் பட்டை. உள்ளே விரலை வைத்து அழுத்தினேன். பஞ்சு போல இறங்கியது. அதை எந்தப் பெட்டியில் வைப்பது என்று தெரியவில்லை. ஒரு பெட்டியின் மேல் தனியாக வைத்தேன். அடுத்த வகுப்பில் அந்தப் பெண் அதைத் திரையில் பார்த்துவிட்டுக் கையைக் கூப்பினாள்.

அத்தோடு போயிருந்தால் ஏதாவது வழி தேடியிருப்பேன். டிசம்பர் முதல் வாரம், தெரியாத எண்ணிலிருந்து ஒரு வீடியோ கால். எடுத்தால் வெள்ளைத் தலையோடு ஓர் அம்மா. போனை முகத்துக்கு ரொம்பப் பக்கத்தில் பிடித்திருந்தார்.

"தம்பி, நீங்கதானே செருப்பு கொண்டாறவரு? எம்பொண்ணு நம்பர் குடுத்தா. கூப்பிடாத, தொந்தரவு பண்ணாதன்னா. நான் கேப்பனா?"

"சொல்லுங்கம்மா."

"திரும்பிப் போறப்ப அவளுக்கு ஒரு கிலோ வத்தல் எடுத்துட்டுப் போவீங்களா? மணத்தக்காளி. வெயிட்டே இருக்காது."

"சரிம்மா."

"மீன் சாப்பிடுவீங்கள்ல? ஏர்போர்ட்டுல எல்லாம் குடுத்துட்டு ஓடக் கூடாது. வீட்டுக்கு வரணும். வஞ்சிரம் வாங்கி வெக்கிறேன்."

"உங்க காலு எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டேன். பேச்சை மாற்றத்தான் கேட்டேன்.

"அது கெடக்கு. எதிர்த்த வீட்டுப் பொண்ணு, ஆஸ்பத்திரிச் செருப்பு ஒண்ணு வாங்கித் தரேன்னா. வேணாம்ட்டேன். எதுக்கு ரெண்டு? அதான் பொங்கலுக்கு நீங்க வாறீங்களே. அது வரைக்கும் வெறுங்காலோட நடந்துக்குவேன். தரைதான் சில்லுனு இருக்கு." போன் கீழே சாய்ந்தது. சிமெண்டுத் தரையில் இரண்டு பாதங்கள் ஒரு கணம் தெரிந்தன. பிறகு மறுபடி முகம். "அப்ப வெக்கிறேன் தம்பி. பத்திரமா வாங்க."

வைத்த பிறகு அந்த அறைக்குப் போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். என்னை நம்பி ஒருவர் செருப்பு வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் சில்லிட்ட தரையில் நடந்துகொண்டிருக்கிறார். மனைவியைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

"நீங்களா இத்தனை பேசுனீங்க?" என்றாள்.

"பேசலை. ஆமா, ஆமான்னுதான் சொன்னேன்."

"வேணும்னா நிஜமாவே போயிட்டு வாங்களேன். டிக்கெட் போடுறேன்."

"யார் வீட்டுக்கு?"

"முதல்ல அவங்ககிட்ட சொல்லிடுங்க. வீங்கின காலோட வெறுங்காலா நடக்கிறதைச் சும்மா நினைக்காதீங்க. வழுக்குச்சுன்னா அவ்வளவுதான்" என்றாள் நர்ஸாக.

அந்தப் பெண்ணுக்கு மட்டும் போன் செய்து தேதி தள்ளிப்போய்விட்டது என்று சொல்லியிருக்கலாம். செருப்பு போய்ச் சேர்ந்திருக்கும். செவ்வாயும் வெள்ளியும் எனக்கு அப்படியே இருந்திருக்கும். போனைக் கையில் எடுக்கவும் செய்தேன். ஆனால் பொங்கல் வரும், போகும். அதற்குப் பிறகு இன்னொரு தேதி சொல்ல வேண்டும். அதை நம்பி இன்னொரு பார்சல் வரும்.

வியாழக்கிழமை முழுவதும் அறையை இரண்டாவது முறை தயார் செய்தேன். சாக்லேட் எல்லாம் வெளுத்துக் காலாவதியாகியிருந்தது. மாத்திரைகளும் அப்படியே. குப்பைப் பைகளில் போட்டேன். கவுன் வாங்கியது யாருக்கு என்றே நினைவில்லை. எப்படியும் அந்தக் குழந்தைக்கு இப்போது அது முழங்கை வரைகூட ஏறாது. அதையும் துணிகளையும் நன்கொடைக்கு எடுத்து வைத்தேன். பெட்டிகளை ஒன்றுக்குள் ஒன்றாக வைத்து அலமாரிக்குள் தள்ளினேன். அறை திடீரென்று பெரிதாகிவிட்டது. இருமினால் எதிரொலித்தது.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குப் பாயில் உட்கார்ந்தேன். பின்னால் வெறும் சுவர்.

"அங்கிள், பெட்டியெல்லாம் காணோம்! கிளம்பியாச்சா, கார்ல ஏத்திட்டீங்களா?" என்றாள் சொல்லித் தருகிறவள்.

"நான் போகலம்மா."

"அய்யோ, டேட் மாறிடுச்சா?"

அவளே வழி காட்டிவிட்டாள். ஆமா என்றால் போதும். எனக்கு அந்த ஒரு வார்த்தைதான் நன்றாக வரும்.

"இல்ல" என்றேன். "டிக்கெட்டே போடல. முதல்லேர்ந்தே போடல. பெட்டி ஆறு வருஷமா அப்படியே கெடந்துச்சு. நீங்க கேட்டதும் ஆமான்னு சொல்லிட்டேன். பொய்தான்."

பதினோரு கட்டங்களிலும் ஒருவரும் அசையவில்லை. படம் உறைந்துவிட்டதோ என்று நினைத்தேன். ஒரு வீட்டில் குக்கர் விசில் அடித்தது. அதனால் உறையவில்லை என்று தெரிந்தது.

"சரி" என்றாள் அவள், வேறு குரலில். "எல்லாரும் படுங்க. மூச்சை விலா வரைக்கும் இழுங்க."

நாற்பத்தைந்து நிமிடம் அவள் சொன்னதை எல்லாம் செய்தேன். முடிந்ததும் கட்டங்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. ஆர்லிங்டன் பெண் மட்டும் இருந்தாள். நான் எதிர்பார்த்ததுதான்.

"என்ன அண்ணா இது? சொல்லியிருந்தா நான் வேற யாரையாச்சும் பார்த்திருப்பேன்ல? டிசம்பர்ல எத்தனை பேர் போறாங்க! அம்மா வாசலையே பார்த்துட்டு இருக்காங்க. அவங்ககிட்ட நான் என்னன்னு சொல்லுவேன்?"

"தப்புதாம்மா."

"ஏன் சொன்னீங்க?"

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. சொல்ல வாய் வரவில்லை. அவள் சற்று நேரம் என்னைப் பார்த்தாள், அல்லது எனக்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்தாள். பிறகு, "உங்க பக்கம் இர்விங்ல ஒருத்தர் நாளன்னைக்குக் கிளம்புறார். அட்ரஸ் அனுப்புறேன். இன்னிக்கே குடுத்துடுங்க" என்று சொல்லி இணைப்பைத் துண்டித்துவிட்டாள்.

அப்போதே கிளம்பினேன். நாற்பது நிமிடம் ஃப்ரீவேயில் ஓட்டிப் போய்க் கதவைத் தட்டினேன். இளைஞர் ஒருவர் திறந்து பார்சலைக் கையில் வாங்கி எடை பார்த்தார். "இவ்வளவுதானா? நான் பயந்தே போயிட்டேன்" என்று சிரித்தார். அவருக்குப் பின்னால் ஹாலில் பெட்டிகள் நின்றன. மூடி, கயிறு கட்டி, அடையாளத்துக்குச் சிவப்பு ரிப்பன் முடிந்து. உள்ளே ஒரு குழந்தை ஒரு பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்து "தாத்தா வீடு" என்று கத்திக்கொண்டிருந்தது. "உள்ள வாங்க, காபி சாப்பிடலாம்" என்றார் அவர். வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் காரில் வந்து உட்கார்ந்தேன். எந்த வேலையும் இல்லை.

ஐந்து நாள் கழித்து ஆர்லிங்டன் பெண்ணிடமிருந்து போனில் ஒரு படம் வந்தது. சிமெண்டுத் தரையில் கரும்பழுப்புச் செருப்புக்குள் இரண்டு பாதங்கள். பட்டை சரியாக ஒட்டியிருந்தது. கீழே ஒரு வார்த்தையும் எழுதவில்லை. படத்தை வைத்திருக்கிறேன்.

ஜனவரியில் கடைக்குத் திரும்பிவிட்டேன். இருபது பவுண்டு பையை முழங்காலை மடித்து, வயிற்றை உள்ளே இழுத்து, வகுப்பில் சொன்ன மாதிரி தூக்குகிறேன். பொங்கல் வாரத்தில் கரும்பு வந்தது. கடையில் நல்ல கூட்டம். செவ்வாய்க்கிழமை எனக்கு விடுமுறை. அதனால் அன்றைய வகுப்பை விடவில்லை. ஆர்லிங்டன் பெண்ணும் வருகிறாள். முடிந்ததும் முதல் ஆளாகப் போய்விடுகிறாள். ஆரம்பத்தில் எல்லாரும் பேசிக்கொள்கிறார்கள்: பள்ளி விடுமுறை, பனி, யாருக்கோ முழங்கால். என் கட்டம் வரும்போது சொல்லித் தருகிறவள், "அங்கிள், முதுகு எப்படி இருக்கு?" என்று கேட்கிறாள். "பரவாயில்லை" என்கிறேன். அவ்வளவுதான் கேட்பதற்கு இருக்கிறது.

மஞ்சள் துண்டைப் போன வாரம் துவைத்தேன். மூன்று மாதம் தலை வைத்து அழுக்காகியிருந்தது. காய்ந்ததும் மடித்துப் பாயின் தெற்கு முனையில் வைத்துப் படுத்தேன். அதில் இப்போது சோப்புத்தூள் வாசனை மட்டும்தான். மேலே மின்விசிறி. இருபுறமும் கையை விரித்தேன். எதிலும் இடிக்கவில்லை.